முப்பது கோடிப் பேருக்குப் பின்னால் வந்த சட்டம்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: நாற்பது ஆண்டுகளில் கோடிக்கணக்கானோரை வறுமையிலிருந்து கரையேற்றிய நாடு என்று சீனாவைச் சொல்கிறார்கள், அதே நாட்டில் ஒரு கிராமத்துக்காரர் பெய்ஜிங்கில் இருபது ஆண்டு உழைத்தாலும் பெய்ஜிங்வாசியாக முடியாது என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி ஒரே நாட்டில் நடக்கும்? சட்டம் என்ன சொல்கிறது? இப்போதாவது மாறியிருக்கிறதா?

இரண்டுமே உண்மை. அவை ஒன்றுக்கொன்று முரணானவை என்று நான் நினைக்கவில்லை. சீனாவின் வளர்ச்சிக்கான செலவில் பெரும்பகுதியைக் கிராமத்திலிருந்து வந்த தொழிலாளிகள்தான் சுமந்தார்கள். அவர்களை அப்படிச் சுமக்க வைத்தது ஒரு பதிவு முறை. அதன் பெயர் ஹுகோவ். நவீன சீனச் சமூகத்தைப் புரிந்துகொள்ள ஏதாவது ஒரே ஒரு சட்டத்தைத்தான் படிக்க முடியும் என்றால், அரசியல் சட்டத்தைக்கூட விட்டுவிட்டு இதைப் படிக்கச் சொல்வேன்.

ஹுகோவ் என்பது குடும்பப் பதிவு. அதற்கான கைப்புத்தகம் செம்பழுப்பு நிற அட்டை போட்டது. முதலில் குடும்பத் தலைவரின் பக்கம். பிறகு ஆளுக்கொரு பக்கம். பெயர், தலைவருக்கு என்ன உறவு, பிறந்த ஊர், பூர்வீகம், இனம், படிப்பு, திருமணமானவரா, எந்த ஊரிலிருந்து எப்போது இங்கே பதிவு மாறியது என்று வரிசையாகக் கட்டங்கள். பார்வைக்கு நம் குடும்ப அட்டை போலத்தான் இருக்கும். ஆனால் அதன் கை ரேஷன் கடையைத் தாண்டி வெகுதூரம் நீளும். பிள்ளை எந்தப் பள்ளியில் சேரலாம், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எங்கே எழுத வேண்டும், ஆஸ்பத்திரிச் செலவில் எவ்வளவு காப்பீடாகத் திரும்ப வரும், வயதான பிறகு ஓய்வூதியம் எவ்வளவு, எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதுதான் ஆதாரம். அண்மைக்காலம் வரை அதில் "விவசாயம்" அல்லது "விவசாயம் அல்லாதது" என்று ஒரு பிரிவும் குறிக்கப்பட்டிருந்தது. இது தொழிலைக் குறிப்பதல்ல. இருபது ஆண்டாக வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவரும் ஏட்டில் விவசாயிதான். 1998 வரை பிள்ளைக்குத் தாயின் பதிவே வந்து சேர்ந்தது. நகரத்து ஆணை மணந்த கிராமத்துப் பெண்ணின் குழந்தையும் கிராமத்தானாகவே பிறந்தது.

இது எப்படி வந்தது? மக்கள் சீனத்தின் முதல் அரசியல் சட்டம் 1954-இல் வந்தது. விரும்பிய இடத்தில் வசிக்கவும் இடம் மாறவும் குடிமக்களுக்குச் சுதந்திரம் உண்டு என்று அதன் 90-ஆம் பிரிவு சொன்னது. நான்கே ஆண்டுகளில், 1958 ஜனவரி 9 அன்று குடும்பப் பதிவு ஒழுங்குமுறை பிறப்பிக்கப்பட்டது. கிராமத்திலிருந்து நகரத்துக்குக் குடிபெயர வேண்டுமானால் நகரத் தொழிலாளர் துறையின் வேலைச் சான்று, அல்லது கல்வி நிலையத்தின் சேர்க்கைச் சான்று, அல்லது நகரப் பதிவு அலுவலகத்தின் அனுமதி, மூன்றில் ஒன்று கையில் இருக்க வேண்டும். நகரத்தில் மூன்று நாளுக்கு மேல் தங்கினாலே தற்காலிகப் பதிவு செய்ய வேண்டும். அரசியல் சட்டத்தில் இருந்த உரிமையை அதற்குக் கீழ்ப்பட்ட ஓர் ஒழுங்குமுறை விழுங்கியது. அந்தப் பிரிவு ஏட்டில் மட்டும் 1975 வரை இருந்தது. அந்த ஆண்டின் புதிய அரசியல் சட்டத்தில் அதுவும் போயிற்று. இன்று நடைமுறையில் இருக்கும் 1982-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலும் அது திரும்ப வரவில்லை.

காரணம் தானியம். கனரகத் தொழிலை வேகமாக வளர்க்க நினைத்த அரசு 1953 முதல் தானியத்தைத் தானே நிர்ணயித்த விலைக்குக் கொள்முதல் செய்து, நகரத்தாருக்குக் கூப்பனுக்கு வழங்கியது. கூப்பன் பெறுபவர்களின் எண்ணிக்கை கூடாமல் இருக்க, உழுபவர் நிலத்தைவிட்டுப் போகக்கூடாது. 1959 முதல் 1961 வரையிலான பெரும் பஞ்சத்தில் இந்த ஏற்பாடு உயிரைக் குடித்தது. மாண்டவர்களின் எண்ணிக்கை ஒன்றரைக் கோடி முதல் நான்கரைக் கோடி வரை என்று ஆய்வாளர்கள் வேறுபட்ட மதிப்பீடுகள் தருகிறார்கள். ஆனால் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நெல்லும் கோதுமையும் விளைவித்த கிராமத்தார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பட்டினியிலிருந்து தப்பி ஊரைவிட்டு ஓட முயன்றவர்கள் வழியில் தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஹுகோவை வெறும் நிர்வாக ஏற்பாடு என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்பாததற்கு இதுவே காரணம்.

அந்தப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட இடங்களில் ஒன்று அன்ஹுய் மாகாணத்தின் ஃபெங்யாங் வட்டாரம். அங்கேயுள்ள சியாவ்காங் கிராமத்தில் 1978-ஆம் ஆண்டின் கடைசியில் 18 விவசாயிகள் ஒரு வீட்டில் ரகசியமாகக் கூடி, ஒரு தாளில் சிவப்பு மையால் கைரேகை வைத்தார்கள். கம்யூன் எனப்பட்ட கூட்டுப் பண்ணையின் பொது நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது, அரசுக்குச் சேர வேண்டிய தானியத்தை ஒவ்வொரு குடும்பமும் கொடுத்துவிடுவது, இதற்காகத் தலைவர்கள் சிறைக்கோ தூக்குக்கோ போக நேர்ந்தால் அவர்களின் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்ப்பது. ஒப்பந்தம் இவ்வளவுதான். அன்றைய சட்டப்படி இது குற்றம். மறு ஆண்டு விளைச்சல் குவிந்தது. 1982-இல் கட்சியின் மத்தியக் குழு குடும்பவாரிச் சாகுபடியை ஏற்றுக்கொண்டது. 1993-இல் அது அரசியல் சட்டத்துக்குள் நுழைந்தது. விவசாயி செய்த பதினைந்து ஆண்டுக்குப் பிறகு சட்டம் அதை எழுதிக்கொண்டது.

இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சீனாவில் திரும்பத் திரும்ப இதே வரிசைதான். 1987 டிசம்பர் 1 அன்று ஷென்சென் நகர அரசு ஒரு துண்டு நிலத்தின் பயன்பாட்டு உரிமையைப் பகிரங்கமாக ஏலம் விட்டது. நிலத்தைக் குத்தகைக்கு விடுவதையோ கைமாற்றுவதையோ அன்றைய அரசியல் சட்டம் தடை செய்திருந்தது. சட்டத் திருத்தம் வந்தது அடுத்த ஆண்டு ஏப்ரலில். இன்று சீன நகரங்களில் நிற்கும் அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை அந்த ஏலத்தின் வழி வந்தவை.

சரி, மனிதர்களின் நடமாட்டத்துக்கு வருவோம். கம்யூன்கள் கலைந்தபின் கிராமத்தில் கைகள் மிஞ்சின. கடற்கரையில் ஆலைகள் முளைத்தன. 1984-இல் அரசு சிறு சலுகை தந்தது: தனக்கு வேண்டிய தானியத்தைத் தானே கொண்டுவருபவர் சிறு சந்தை நகரங்களில் குடியேறலாம். மக்கள் அந்த எல்லையோடு நிற்கவில்லை, பெருநகரங்களுக்கே போனார்கள். 1993-இல் தானியக் கூப்பன் முறை ஒழிந்ததும் நகரத்தில் சோறு வாங்கப் பதிவு தேவையில்லை என்றாயிற்று. சிச்சுவான், ஹூனான், ஹெனான், அன்ஹுய் மாகாணங்களிலிருந்து நின்றுகொண்டே இரண்டு நாள் ரயில் பயணம் செய்து குவாங்டோங்குக்கு வந்தவர்கள்தான் உலகத்துக்குப் பொம்மையும் செருப்பும் தைத்தார்கள். அவர்களில் பலர், அதிலும் மின்னணு மற்றும் தையல் ஆலைகளில், இருபது வயதை ஒட்டிய பெண்கள். 1993 நவம்பரில் ஷென்செனில் ஒரு பொம்மை ஆலை தீப்பிடித்தபோது 80-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஜன்னல்களில் கம்பி, வாசல்கள் பூட்டியிருந்தன. அடுத்த ஆண்டு ஜூலையில் நாட்டின் முதல் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது.

நகரம் இவர்களின் உழைப்பை வாங்கிக்கொண்டது, குடும்பத்தை வாங்கிக்கொள்ளவில்லை. தங்குவது ஆலை விடுதியில். பிள்ளை பாட்டியிடம். நோய் வந்தால் ஊருக்கு. வயதானாலும் ஊருக்கு. ஒரு தொழிலாளியை வளர்த்து ஆளாக்கும் செலவும் அவர் ஓய்ந்தபின் காப்பாற்றும் செலவும் கிராமத்தின் தலையில். அவர் நன்றாக உழைக்கும் இருபது ஆண்டு மட்டும் நகரத்துக்கு. சீனப் பொருள்களின் மலிவு விலைக்குப் பின்னாலிருந்த கணக்கு இது. தொழிலாளிகளின் திறமையையும் உழைப்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உழைப்புக்கு உரிய விலை தரப்படவில்லை என்பதையே சொல்கிறேன்.

நகரத்தில் இருக்க அவர்களுக்குத் தற்காலிக வசிப்பு அட்டை வேண்டும். 1985 முதல் அமலுக்கு வந்த ஏற்பாடு அது. காசு கட்டி வாங்க வேண்டும், காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், வெளியே போனால் கையோடு வைத்திருக்க வேண்டும். அட்டையில்லாமல் அகப்பட்டவரைப் பிடித்து அடைத்துச் சொந்த ஊருக்கு அனுப்ப 1982-ஆம் ஆண்டின் இன்னொரு ஒழுங்குமுறை இருந்தது. அது பிச்சையெடுப்போருக்கும் நாதியற்றோருக்கும் உதவ என்றுதான் போடப்பட்டது. தொண்ணூறுகளில் அடையாள ஆவணம், நிலையான இருப்பிடம், வருமானம் மூன்றும் இல்லாதவர்கள் என்று வரையறையை நீட்டினார்கள். நடைமுறையில், இரவில் தெருவில் நிற்கும் எந்தத் தொழிலாளியையும் பிடிக்கலாம். உறவினர்கள் பணம் கட்டி மீட்டுப் போவது வழக்கமாகிவிட்டது.

2003 மார்ச் 17 இரவு குவாங்சோ நகரில் சுன் சிகாங் என்ற இளைஞர் இன்டர்நெட் மையத்துக்குப் போக வெளியே கிளம்பினார். வயது 27. ஹூபெய் மாகாணத்துக்காரர், வூஹானில் வரைகலை வடிவமைப்புப் படித்துப் பட்டம் பெற்றவர், ஒரு துணி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. தற்காலிக வசிப்பு அட்டை இன்னும் வாங்கவில்லை. அடையாள அட்டையும் கையில் இல்லை. போலீஸ் பிடித்தது. நண்பர்கள் அடையாள அட்டையோடு நிலையத்துக்கு ஓடியும் விடவில்லை. அங்கிருந்து தடுப்பு மையத்துக்கு, பிறகு தடுத்து வைக்கப்பட்டோருக்கான மருத்துவப் பிரிவுக்கு மாற்றினார்கள். மார்ச் 20 அன்று இறந்தார். முதலில் இயற்கையான நோய்ச் சாவு என்றார்கள். குடும்பம் விடாமல் போராடிப் பிரேதப் பரிசோதனை செய்ய வைத்தது. உடலின் மென்திசுக்கள் பரவலாகச் சிதைந்திருந்தன, அடித்தே கொன்றிருக்கிறார்கள். ஏப்ரல் 25 அன்று "தெற்கு மாநகர நாளிதழ்" இந்தச் செய்தியை வெளியிட்டது.

அதற்கு முன்பும் தடுப்பு மையங்களில் பலர் செத்திருக்கிறார்கள். இந்தச் சாவு நாட்டை உலுக்கியதற்கு ஒரு காரணம், செத்தவர் பட்டதாரி. நாளிதழ் படிக்கும் நகரத்து இளைஞன், "இது எனக்கும் நடக்கலாம்" என்று முதன்முறையாக நினைத்தான். சொல்லவே வருத்தமாக இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத கட்டடத் தொழிலாளி செத்திருந்தால் இவ்வளவு குரல் எழுந்திருக்காது.

மே 14 அன்று மூன்று இளம் சட்ட அறிஞர்கள், ஷூ ஜியோங், தெங் பியாவ், யூ ஜியாங், சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழுவுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். வாதம் எளிமையானது. ஒருவரின் உடல் சுதந்திரத்தைப் பறிப்பதற்கு மக்கள் காங்கிரஸ் இயற்றும் சட்டம் வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் சட்டமியற்றல் சட்டம் சொல்கிறது. 1982-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை மந்திரிசபையான அரசவை போட்டது. ஆகவே அது செல்லாது. நிலைக்குழு ஆராய்ந்து ரத்து செய்ய வேண்டும். நாடே பதிலை எதிர்பார்த்துக் காத்திருந்தது. ஜூன் மாதம் பிரதமர் வென் ஜியாபாவின் அரசவை அந்த ஒழுங்குமுறையைத் தானாகவே விலக்கிக்கொண்டது. ஆகஸ்ட் 1 முதல், விருப்பப்பட்டு வருவோருக்கு மட்டும் உதவி தரும் புதிய ஏற்பாடு வந்தது.

இது பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை. இரவில் தெருவில் நடக்கும்போது இருந்த பயம் லட்சக்கணக்கானோருக்கு நீங்கியது. ஆனால் நிலைக்குழு விண்ணப்பத்தை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. "இந்த விதி அரசியல் சட்டத்துக்கு முரணானது, எனவே செல்லாது" என்று எந்த அமைப்பும் அறிவிக்கவில்லை. போட்டவர்களே எடுத்துக்கொண்டார்கள். குடிமகன் கேட்டான், பெற்றான். ஆனால் உரிமையாகப் பெறவில்லை. இதில் உள்ள வேறுபாட்டின் விலையைப் பின்னால் வந்த ஆண்டுகள் காட்டின. செய்தி வெளியிட்ட நாளிதழின் பொறுப்பாளர்கள் மறு ஆண்டே ஊழல் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார்கள். தொழிலாளிகளின் பிள்ளைகள் தாங்கள் வாழும் நகரிலேயே நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்று பிறகு இயக்கம் நடத்திய ஷூ ஜியோங் 2014-இல் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 2023-இல் இன்னொரு வழக்கில் 14 ஆண்டு.

சட்டம் மாறியிருக்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு இனி நேராக வருகிறேன். மாறியிருக்கிறது, சில இடங்களில் வெகுவாகவே மாறியிருக்கிறது.

கூலிப் பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டட வேலைக்கு மேஸ்திரி வழியாக ஆள் எடுத்து, சாப்பாட்டுக்குச் சில்லறை மட்டும் கொடுத்து, மொத்தக் கூலியைச் சந்திரப் புத்தாண்டுக்கு முன் தருவதாகச் சொல்லி, கடைசியில் கம்பி நீட்டிவிடுவது பரவலான வழக்கமாக இருந்தது. 2003 அக்டோபரில் சோங்சிங் பகுதியில் சுற்றுப்பயணம் செய்த வென் ஜியாபாவிடம் ஒரு கிராமத்துப் பெண், தன் கணவருக்கு 2,240 யுவான் கூலி பாக்கி இருக்கிறது, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியவில்லை என்று சொன்னார். அன்றிரவே பணம் வந்து சேர்ந்தது. ஒரு நாட்டின் பிரதமர் வாசலுக்கு வந்தால்தான் கூலி கிடைக்கும் என்ற நிலை எவ்வளவு மோசமானது என்று அந்த ஒரு நிகழ்ச்சியே எல்லோருக்கும் காட்டிவிட்டது. 2008-இல் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தக் கட்டாயத்தை இறுக்கியது. அதன் வரைவுக்கு மக்களிடமிருந்து 1.9 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்துகள் வந்தன. 2011-இல் வேண்டுமென்றே கூலி தராமலிருப்பது குற்றவியல் சட்டத்தின்கீழ் குற்றமானது. 2020 மே முதல் கட்டுமான நிறுவனங்கள் கூலிக்கென்று தனி வங்கிக் கணக்கு வைக்க வேண்டும், பெரிய ஒப்பந்தக்காரரே இறுதிப் பொறுப்பு என்று அரசவை விதித்தது. பாக்கி அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் இன்று ஒரு தொழிலாளி கையில் காகிதத்தோடு தகராறு நடுவர் மன்றத்துக்குப் போகிறார். முன்பு அவர் கட்டடத்தின் உச்சியில் ஏறிக் குதிக்கப்போவதாக மிரட்டித்தான் கூலி கேட்க வேண்டியிருந்தது.

இன்னொரு மாற்றம் தமிழ்ச் செய்திகளில் அதிகம் வராதது. விபத்தில் ஒருவர் இறந்தால் இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது? 2004 முதல் அமலான உச்ச மக்கள் நீதிமன்றத்தின் விளக்கப்படி, நகரத்தார் என்றால் நகரத்துச் சராசரி வருமானத்தை 20 ஆண்டால் பெருக்க வேண்டும். கிராமத்தார் என்றால் கிராமத்துச் சராசரியை. 2005 டிசம்பரில் சோங்சிங்கில் ஒரே வாகனத்தில் பள்ளிக்குப் போன மூன்று மாணவியர் ஒரே விபத்தில் இறந்தார்கள். நகரப் பதிவுள்ள இருவரின் குடும்பங்களுக்கு ஆளுக்கு 2 லட்சம் யுவானுக்கு மேல் கிடைத்தது. கிராமப் பதிவுள்ள மூன்றாவது பெண்ணின் குடும்பத்துக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. அவளும் அதே நகரத்தில் வளர்ந்தவள்தான். 2009-இல் ஒரே விபத்தில் பலர் இறந்தால் ஒரே தொகை வழங்கலாம் என்று ஒரு சட்டம் இடம் கொடுத்தது, கட்டாயமாக்கவில்லை. நாடு முழுதும் எல்லா உயிருக்கும் நகரத்துக் கணக்கே என்று ஆனது 2022 மே 1 முதல்தான். பதினாறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. நீதிமன்றங்களுக்குள்ளே இருந்தே மனச்சாட்சியுள்ள நீதிபதிகள் பலர், "இவர் ஓராண்டுக்கு மேல் நகரில் வாழ்ந்து சம்பாதித்தவர், நகரத்தாராகவே கருதுவோம்" என்று தீர்ப்பு எழுதி எழுதியே அந்த விதியைத் தேய்த்தார்கள். சீன நீதித்துறையில் நான் மிகவும் மதிக்கும் போக்கு இது.

இப்போது பிள்ளைகள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பெற்றோரில் ஒருவரோ இருவருமோ வெளியூர் போய்விட, கிராமத்தில் விடப்பட்ட பிள்ளைகள் 6.1 கோடி என்று அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பு 2013-இல் அறிவித்தது. 2015 ஜூனில் குய்சோ மாகாணத்தின் பிஜியே பகுதியில் பெரியவர் யாருமின்றித் தனியாக வாழ்ந்த நான்கு உடன்பிறப்புகள் பூச்சிமருந்து குடித்து இறந்தார்கள். மூத்தவனுக்கு 13 வயது, கடைசிக் குழந்தைக்கு 5. மறு ஆண்டு அரசவை ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் நல்லவை இருந்தன: காப்பாளரில்லாத பிள்ளைகளைக் கண்டால் பள்ளியும் மருத்துவமனையும் கிராமக் குழுவும் கட்டாயம் புகார் செய்ய வேண்டும். கூடவே வரையறையும் மாறியது. பெற்றோர் இருவருமே போயிருந்தால், அல்லது ஒருவர் போய் மற்றவர் கவனிக்க இயலாதவராக இருந்தால் மட்டுமே, அதுவும் 16 வயதுக்குக் கீழ் இருந்தால் மட்டுமே, கணக்கில் சேரும். எண்ணிக்கை 90.2 லட்சமாக இறங்கியது. உதவி அதிகம் தேவைப்படுவோரை அடையாளம் காண இந்தக் குறுகிய வரையறை உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தந்தை குவாங்சோவிலும் தாய் தனியே வயலிலும் என்று வளரும் குழந்தை ஏட்டிலிருந்து மறைந்துவிட்டது.

பிள்ளைகளை நகரத்துக்கே கூட்டிப்போனால் என்ன? போகிறார்கள். அங்கே அரசுப் பள்ளியில் சேர்க்க வசிப்பு, வேலை, வாடகை ஒப்பந்தம் என்று சான்று மேல் சான்று கேட்பார்கள். கிடைக்காதவர்கள் தொழிலாளிகளுக்கென்று நடக்கும் சிறு தனியார் பள்ளிகளுக்குப் போவார்கள். 2011 ஆகஸ்டில், பள்ளி திறக்க ஒரு மாதம்கூட இல்லாதபோது, பெய்ஜிங்கில் இப்படிப்பட்ட 24 பள்ளிகள் மூடப்பட்டன அல்லது இடிக்கப்பட்டன; சுமார் 14,000 பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள். எப்படியோ படித்து மேலே வந்தாலும் நுழைவுத் தேர்வைப் பதிவு உள்ள மாகாணத்துக்குத் திரும்பிப்போய் எழுத வேண்டும். அங்கே பாடநூலே வேறாக இருக்கலாம். 2012-க்குப் பிறகு பல மாகாணங்கள் இதைத் தளர்த்தின. பெய்ஜிங்கும் ஷாங்காயும் கதவை ஒரு விரற்கடை மட்டுமே திறந்தன.

பதிவையே மாற்றும் பெரிய சீர்திருத்தம் 2014 ஜூலையில் வந்தது. விவசாயம், விவசாயம் அல்லாதது என்ற பிரிவை ஒழித்து எல்லோரையும் "வசிப்போர்" என்றே பதிய அரசவை உத்தரவிட்டது. 2016 ஜனவரி 1 முதல் தற்காலிக அட்டைக்குப் பதில் வசிப்பு அட்டை. அதற்குச் சில பொதுச் சேவைகளும் உண்டு. அதே மாதம், குழந்தைக் கட்டுப்பாட்டு விதியை மீறிப் பிறந்ததாலும் வேறு காரணங்களாலும் எந்தப் பதிவும் இல்லாமல் வாழ்ந்த சுமார் 1.3 கோடிப் பேரைப் பதிவேட்டில் சேர்க்க உத்தரவு வந்தது. 2019-இல் 30 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகையுள்ள நகரங்கள் தடைகளை நீக்க வேண்டும், 50 லட்சம் வரையுள்ளவை பெருமளவு தளர்த்த வேண்டும் என்றார்கள். 2025 மே 10 முதல் திருமணப் பதிவுக்கு அந்தச் செம்பழுப்புக் கைப்புத்தகம் தேவையில்லை. அதுவரை பெற்றோர் சம்மதிக்காத காதலர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை, வீட்டில் பெற்றோர் பூட்டி வைத்த அந்தப் புத்தகத்தை எடுத்து வருவதாக இருந்தது.

சிறு நகரங்களில் ஆகவே கதவு திறந்தாயிற்று. ஆனால் வேலை இருப்பது பெரிய நகரங்களில். அங்கே புள்ளிக் கணக்கு. எத்தனை ஆண்டு சமூகக் காப்பீடு கட்டினார், என்ன படித்தார், சொந்த வீடு உண்டா என்று புள்ளி போட்டு வரிசைப்படுத்துவார்கள். பெய்ஜிங் 2018-இல் முதன்முறையாக இப்படிப் பதிவு தந்தபோது தேர்வானவர்கள் சுமார் 6,000 பேர். அந்த நகரில் வெளியூர்ப் பதிவோடு வாழ்ந்தவர்கள் 70 லட்சத்துக்கும் மேல். முந்தைய ஆண்டு நவம்பரில்தான் பெய்ஜிங்கின் டாசிங் பகுதியில் தொழிலாளிகள் நெருக்கியடித்துத் தங்கியிருந்த ஒரு கட்டடம் எரிந்து 19 பேர் இறந்தார்கள். தீப் பாதுகாப்பு என்ற பெயரில் 40 நாள் நடவடிக்கை தொடங்கியது. உறையும் குளிரில் சில நாள் அவகாசத்தில், சில இடங்களில் சில மணி நேர அவகாசத்தில், குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு தெருவுக்கு வந்தன. அந்த மக்களைக் குறித்து அரசு ஆவணங்களிலேயே புழங்கிய "கீழ்நிலை மக்கள்தொகை" என்ற தொடர் வெளியே தெரிந்தபோது பெய்ஜிங்கின் பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள்.

ஏன் ஒரேயடியாக ஒழிக்கவில்லை என்றால், பணம்தான் முதல் காரணம். 1994-ஆம் ஆண்டு வரிப் பங்கீட்டுக்குப் பிறகு வருவாயில் பெரும் பங்கு மத்திய அரசுக்குப் போனது. பள்ளி, மருத்துவம், ஓய்வூதியம் ஆகிய செலவுகள் உள்ளூர் அரசுகளிடமே நின்றன. நாட்டின் மொத்த அரசுச் செலவில் 80 விழுக்காட்டுக்கு மேல் செய்வது உள்ளூர் அரசுகள். ஒரு தொழிலாளியை முழு நகரவாசியாக ஏற்றால் அவருடைய பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சேர்த்து நகர அரசு செலவிட வேண்டும். அதற்கு ஈடாக மத்திய அரசிடமிருந்து போதிய பணம் வருவதில்லை. நிலத்தை ஏலம் விட்டு வந்த வருமானமும் 2021-க்குப் பிறகு வீட்டுச் சந்தை சரிந்ததில் சுருங்கிவிட்டது. 2023-இல் நகரங்களில் வாழ்வோர் 66 விழுக்காடு. நகரப் பதிவு உள்ளவர்கள் 48 விழுக்காடு. இடையிலுள்ள 18 விழுக்காடு என்பது சுமார் 25 கோடிப் பேர்.

கிராமத்தார் எல்லோரும் நகரப் பதிவுக்கு ஏங்குகிறார்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2006-இல் விவசாய வரி அடியோடு நீக்கப்பட்டது. வயல் குத்தகை, வீட்டுமனை, ஊர்க் கூட்டுச் சொத்தின் பங்கு எல்லாம் கிராமப் பதிவோடு ஒட்டியவை; வேலை போனால் திரும்பிப்போக இருக்கும் ஒரே பிடிமானம் அது. ஒரு சிறு நகரத்தின் பதிவுக்காக அதை இழக்க அவர்கள் விரும்பாதது முழு நியாயம். நகரில் குடியேற நிலத்தை விட்டுக்கொடுக்கும்படி நிபந்தனை போடக்கூடாது என்று 2018-இல் நிலக் குத்தகைச் சட்டத்தைத் திருத்தினார்கள், நல்ல திருத்தம். ஆனால் இதே கிராமத்துச் சொத்தில் பெண்களுக்கு அநீதி நடந்தது. வெளியூரில் மணமுடித்த பெண்ணின் பங்கைப் பிறந்த ஊர் கிராமக் கூட்டத்தில் கைதூக்கி வாக்கெடுத்துப் பறித்துவிடும். புகுந்த ஊரிலும் நிலம் மறுபங்கீடு நடக்கும் வரை ஒன்றும் இல்லை. பல பத்தாண்டு வழக்குகளுக்குப் பிறகு, 2025 மே மாதம் அமலுக்கு வந்த கிராமக் கூட்டுப் பொருளாதார அமைப்புகள் சட்டம், திருமணமானது, மணமுறிந்தது, கணவனை இழந்தது ஆகியவற்றைக் காரணம் காட்டிப் பெண்ணின் உறுப்பினர் உரிமையைப் பறிக்கக்கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. கிராமக் குழுக்கள் இதற்கு எவ்வளவு தூரம் கட்டுப்படும் என்பதை இனிமேல்தான் நீதிமன்றங்கள் காட்ட வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் அவசரமானது முதியோர் விஷயம் என்பது என் கருத்து. இன்று சீனாவில் கிராமப் பதிவோடு கூலி வேலை செய்வோர் ஏறத்தாழ 30 கோடிப் பேர். அவர்களின் சராசரி வயது 43-ஐத் தாண்டிவிட்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரயிலேறியவர்கள் அறுபதைத் தொட்டுவிட்டார்கள். நகரத்து ஆலை ஊழியர் ஓய்வு பெற்றால் மாத ஓய்வூதியம் சராசரியாக 3,000 யுவானுக்கு மேல். கிராமத்தாருக்கு அரசு நிதியிலிருந்து ஓய்வூதியம் தொடங்கியதே 2009-இல்தான், மாதம் 55 யுவானில். மத்திய அரசு நிர்ணயித்த அடிப்படைத் தொகை 2024-இல் 123 யுவான், 2025-இல் 143. உள்ளூர் அரசுகள் சேர்ப்பதையும் கூட்டினால் பெரும்பாலோருக்கு 200 யுவானைச் சற்றுத் தாண்டும். அறுபது வயதைக் கடந்தவர்களை வேலையில் வைக்கக்கூடாது என்று பல நகரங்களின் கட்டுமானத் துறைகள் பாதுகாப்புக் காரணம் சொல்லித் தடுத்தபோது, தலைக்குச் சாயம் பூசிக்கொண்டும் வேறொருவர் அடையாள அட்டையைக் காட்டியும் வேலைக்கு வந்தார்கள். 2025 ஜனவரி முதல் ஓய்வு வயதும் படிப்படியாக உயர்கிறது. ஆண்களுக்கு 63 வரை.

ஊருக்கு ஊர் நிதி நிலைமை வேறுபடுவதால் கிராமத்து ஓய்வூதியத்தை உயர்த்துவதை உள்ளூர் அரசுகளிடம் விட்டுவைத்துப் பயனில்லை. மத்திய அரசுதான் செய்ய வேண்டும். அரசு நிறுவனங்களின் பங்குகளில் ஒரு பகுதி ஏற்கெனவே சமூகக் காப்பீட்டு நிதிக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அந்த லாபத்திலிருந்து கிராமத்து முதியவர்களின் தொகையை உயர்த்தலாம் என்று சீனப் பொருளாதார அறிஞர்களே எழுதிவருகிறார்கள். ஆண்டுக்கு 20 யுவான் கூட்டுவது போதாது. 1953 முதல் மலிவு விலைக்குத் தானியம் கொடுத்தவர்களும், எண்பதுகள் முதல் மலிவுக் கூலிக்கு உழைத்தவர்களும் பெரும்பாலும் ஒரே குடும்பங்கள். அவர்களுக்குச் சேர வேண்டியதைச் சலுகை என்று யாரும் சொல்லக்கூடாது.